சர்ப்பகந்தா வேரில் ரத்த அழுத்த மருந்தை உலகுக்குக் காட்டிய மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல்

மும்பை: உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்க நம்பத்தகுந்த மாத்திரை எதுவும் உலக மருத்துவத்தின் கையில் இல்லாத காலம் அது. இந்தியக் காடுகளில் வளரும் ஒரு செடியின் வேரை நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, குறித்து வைத்து, அதன் பயனை 1949ஆம் ஆண்டில் லண்டனின் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் ஆய்விதழ் வழியாக உலகுக்கு அறிவித்தவர் மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். இந்தியாவில் நவீன இதயவியலின் தந்தை என்று மருத்துவ உலகம் அவரைப் போற்றுகிறது. ஆயினும், நாள்தோறும் காலையில் ரத்த அழுத்த மாத்திரை விழுங்கும் கோடிக்கணக்கான இந்தியர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

1911ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று அப்போதைய பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் வக்கீல் பிறந்தார். மருத்துவக் கல்வியை லண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்றார். உயர் பட்டங்களுடன் 1938இல் தாயகம் திரும்பிய அவர், பம்பாயின் பரேல் பகுதியில் உள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். சுருக்கமாக கேஇஎம் என்று நகர மக்கள் அழைக்கும் அந்த மருத்துவமனையும் அதனுடன் இணைந்த சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியும் 1926இல் தொடங்கப்பட்டவை. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு மருத்துவமனைகளின் உயர் பதவிகள் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே சென்றன. அந்த நிலையில், இந்திய மருத்துவர்களையே பணியமர்த்த வேண்டும் என்ற எண்ணத்துடன் உருவான நிறுவனம் அது. லண்டனில் படித்துத் திரும்பிய இளம் மருத்துவர் ஒருவர் தம் சொந்த நாட்டுச் செடியைச் சோதித்துப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்க முடியாது.

வழியற்றிருந்த மருத்துவம்

அன்றைய நிலையை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி மருத்துவர்களிடம் இருந்தது. அதில் தெரியும் எண்ணைக் குறைக்கும் வழிதான் இல்லை. குறைக்கத்தான் வேண்டுமா என்பதிலேயே பலருக்கு ஐயம் இருந்தது. வயது ஏற ஏற இறுகிப்போகும் நாளங்களின் வழியே ரத்தத்தைத் தள்ள உடலுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது என்றும், அதில் கைவைத்தால் சிறுநீரகமும் மூளையும் ரத்தமின்றி வாடும் என்றும் மூத்த மருத்துவர்கள் சிலர் நம்பினர். வெளிப்படையான காரணமின்றி வரும் உயர் ரத்த அழுத்தத்துக்கு அத்தியாவசியமானது எனப் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டதில் அந்தக் கால நம்பிக்கையின் சாயல் இன்றும் தெரிகிறது.

சிகிச்சை என்று இருந்தவை கடுமையானவை. முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் நரம்புகளை வெட்டி எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஒன்று. வெறும் சோறும் பழமுமாக, உப்பே இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்ண வைக்கும் பத்தியம் மற்றொன்று. பலனையும் நஞ்சையும் பிரிக்க இயலாத தயோசயனேட் உப்பு, தூக்கத்தை மட்டுமே தரும் பினோபார்பிட்டால் ஆகியவையும் பயன்பாட்டில் இருந்தன.

உலகின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்கும் இதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதயநோய் மருத்துவர் பரிசோதித்தபோது அவரது ரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது. இதயம் விரிந்து செயலிழக்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர்கள் உப்பைக் குறைத்தனர், ஓய்வெடுக்கச் சொன்னனர், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தனர். டிஜிட்டாலிஸும் ஒரு செடியிலிருந்து கிடைத்ததே. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் அதைப் பற்றி நூல் எழுதியிருந்தார். தளர்ந்த இதயத்தை அது தாங்கிப் பிடித்தது. ஆனால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, 63ஆவது வயதில் இறந்தார். அன்று அவரது அழுத்தம் 300/190 எனப் பதிவானது.

வேரின் நெடும்பயணம்

வக்கீல் கையில் எடுத்த செடி சர்ப்பகந்தா. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் அது குறிக்கப்படுகிறது. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் நாட்டு மருத்துவர்கள் அதன் வேரை நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். வட இந்தியாவில், குறிப்பாக பிகாரில், மனநிலை பிறழ்ந்தவர்களுக்கான மருந்து என்ற பொருள் தரும் பெயரிலேயே அது கடைகளில் விற்கப்பட்டது. மேற்கத்தியத் தாவரவியலோ அதற்கு ராவுல்ஃபியா என்று பெயரிட்டது. 16ஆம் நூற்றாண்டில் கீழை நாடுகளில் பயணம் செய்த ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ராவுல்ஃபின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் அது. அந்த மனிதர் இந்தச் செடியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பது தாவரவியல் பெயர்களில் அடிக்கடி நிகழும் வேடிக்கைகளில் ஒன்று.

வக்கீலுக்கு முன்பே இந்திய அறிவியலாளர்கள் இந்த வேரைத் தேடிச் சென்றிருந்தனர். இதை மறைத்துவிட்டு அவரது கதையைச் சொல்வது நியாயமாகாது. 1931இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள் மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர் பயன்படுவதை ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டில் டெல்லி திப்பியா கல்லூரியில் பணியாற்றிய சலிமுஸ்ஸமான் சித்திக்கி, ரஃபத் ஹுசைன் சித்திக்கி ஆகிய வேதியியலாளர்கள் வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றில் ஒன்றுக்கு, அந்தக் கல்லூரியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். 1933இல் ராம்நாத் சோப்ராவின் குழுவினர் விலங்குகளில் அதன் விளைவுகளை ஆராய்ந்தனர். ஹிமாலயா மருந்து நிறுவனம் 1934இல் செர்பினா என்ற பெயரில் வேர் மாத்திரையை விற்பனைக்கும் கொண்டுவந்தது.

ஆக, மருந்து இருந்தது, அதைக் கொடுக்கும் மருத்துவர்களும் இருந்தனர். இல்லாமல் இருந்தது, உலக மருத்துவம் ஏற்றுக்கொள்ளக்கூடிய வடிவிலான ஒரு சான்று. வக்கீலின் பங்களிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

50 நோயாளிகள்

1940களில் தம் நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துவந்த வக்கீல், அந்த அனுபவத்தைத் தொகுத்து 1949இல் வெளியிட்ட கட்டுரையில் உயர் ரத்த அழுத்தம் கொண்ட 50 பேரின் விவரங்களை முன்வைத்தார். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகு 85 சதவீதம் பேரிடம் இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அழுத்தமும், 81 சதவீதம் பேரிடம் இதயம் விரியும்போதுள்ள கீழ் அழுத்தமும் குறைந்திருந்தன. மருந்து மெல்லவே வேலை செய்கிறது என்பதையும், நிறுத்திய பின்னரும் அதன் பலன் சில காலம் நீடிக்கிறது என்பதையும் அவர் பதிவு செய்தார்.

இன்றைய அளவுகோலில் பார்த்தால் அது சிறிய ஆய்வு. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் முறை அதில் இல்லை. ஆனால் அந்த முறையே அப்போதுதான் பிறந்திருந்தது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவ்வாறு சோதித்து முடிவுகளை வெளியிட்டது 1948இல்தான். எனவே, வக்கீலின் கட்டுரையில் அந்த முறை இல்லாததைக் குறையாகச் சொல்வது அவரை அவர் காலத்திலிருந்து பெயர்த்தெடுத்து மதிப்பிடுவதாகும்.

கட்டுரை எங்கே வெளியானது என்பதும் முக்கியமானது. கொல்கத்தாவிலும் பாட்னாவிலும் அதற்கு முன்பு அச்சான இந்தியக் கட்டுரைகள் கடல் தாண்டிப் படிக்கப்படவில்லை. லண்டன் இதழில் வந்த கட்டுரை படிக்கப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உயர் ரத்த அழுத்தச் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்தவர்களில் ஒருவர். இந்தியாவிலிருந்து வேர் மாத்திரைகளை வரவழைத்த அவர், தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மற்ற மருந்துகளைப் போல் அல்லாமல் இது அழுத்தத்துடன் சேர்த்து மனப் பதற்றத்தையும் தணிக்கிறது என்று அறிவித்தார். அமெரிக்காவின் கதவு அப்படித் திறந்தது.

1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சிபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் வேரிலிருந்து ரிசர்பின் என்ற வேதிப்பொருளைத் தனியே பிரித்தனர். அது செர்பாசில் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1956இல் ஹார்வர்டு வேதியியலாளர் ராபர்ட் உட்வர்டு ரிசர்பினை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாக உருவாக்கிக் காட்டினார்.

மருந்து செய்வது என்ன?

ரத்த நாளங்களைச் சுற்றியுள்ள நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். நரம்பு தூண்டப்படும்போது அது வெளியேறி நாளங்களைச் சுருக்குகிறது. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. அந்தப் பைகளுக்குள் வேதிப்பொருளை ஏற்றும் பம்பை ரிசர்பின் அடைத்துவிடுகிறது. வெளியே தங்கும் வேதிப்பொருள் சிதைந்துபோகிறது. சிறிது சிறிதாகக் கையிருப்பு தீர்ந்து, நாளங்கள் தளர்கின்றன, இதயத் துடிப்பு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. கையிருப்பு தீர்வதற்கு நாட்கள் பிடிக்கும், மருந்தை நிறுத்தினால் மீண்டும் நிரம்புவதற்கும் நாட்கள் பிடிக்கும். நோயாளியின் கையில் பட்டையைச் சுற்றி வக்கீல் கண்டறிந்த இரண்டு உண்மைகளுக்கும் விளக்கம் இதுவே.

மூளையிலும் இதே பைகள் உண்டு. செரடோனினும் டோபமைனும் அங்கே இதே போலத் தீர்ந்துபோகின்றன. வேர் உறக்கத்தைத் தந்ததற்கும் மனநோயாளிகளை அமைதிப்படுத்தியதற்கும் அதுவே காரணம். ஸ்வீடன் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்து, அவை அசைவற்றுப் போனதையும், டோபமைனின் மூலப்பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடியதையும் கண்டார். நடுக்குவாத நோயான பார்க்கின்சனுக்கு இன்று கொடுக்கப்படும் முதன்மை மருந்துக்கு வழி அங்கிருந்தே பிறந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

புகழும் நிழலும்

1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது வக்கீலுக்கு வழங்கப்பட்டது. மருத்துவத் துறையில் நோபலுக்கு அடுத்ததாக மதிக்கப்படும் விருது அது. அதே ஆண்டில் அவருடன் அந்த விருதைப் பெற்ற நேதன் கிளைன், ராபர்ட் நோஸ், ஹென்றி லபோரி, பியர் டெனிகர், ஹைன்ஸ் லேமன் ஆகியோர் மனநோய் மருந்துகளுக்காகப் பெயர் பெற்றவர்கள். அவர்களுக்கு நடுவே நின்ற இதயநோய் மருத்துவர் வக்கீல். அடுத்த ஆண்டு, 1958இல், இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது.

ஆனால் மருந்தின் நிழலும் அப்போதே விழத் தொடங்கியிருந்தது. ரிசர்பினை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்ட சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதை வாஷிங்டன் மருத்துவர் எட்வர்டு ஃபிரைஸ் 1954இல் எச்சரித்தார். மூக்கடைப்பு, சோம்பல், வயிற்றுப்புண் ஆகிய தொல்லைகளும் பதிவாகின. தூய மருந்தாகப் பிரித்தெடுத்த பிறகு அளவைக் கூட்டுவது எளிதாகிவிட்டது. அந்த எளிமையே பலருக்குத் தீங்காக முடிந்தது.

அதே ஃபிரைஸ்தான் ரிசர்பினுக்கு அதன் மிகப் பெரிய வெற்றியையும் தேடித் தந்தவர் என்பது இந்த வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு அதுவரை உறுதியான விடை கிடையாது. எண் குறைவது வேறு, மனிதர் பிழைப்பது வேறு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஃபிரைஸ் தலைமையில் நடந்த ஆய்வில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் சேர்க்கப்பட்டனர். 73 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் ஆகிய மூன்றும், 70 பேருக்குப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 1967இல் முடிவு வெளியானது. போலி மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள்; நால்வர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் பாதிப்புக்குள்ளானவர்கள் இருவர் மட்டுமே, ஒருவரும் இறக்கவில்லை. உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுப்பது உலகெங்கும் கட்டாய நடைமுறையாக மாறியது இந்த எண்களுக்குப் பிறகுதான். அந்த மூன்றில் ஒன்று, பரேல் வார்டுகளில் வேர்த்தூளாகக் கொடுக்கப்பட்டதன் சாரம்.

வேருக்கு அப்பால்

வக்கீலின் பணி ஒரே மருந்தோடு முடிந்துவிடவில்லை. சாதாரண நெஞ்சுவலிக்கும் முழு மாரடைப்புக்கும் இடைப்பட்ட அபாய நிலையைப் பற்றி அவர் நீண்ட காலம் ஆராய்ந்தார். ஓய்வில் இருக்கும்போதும் திடீரெனத் தீவிரமாகும் அந்த வலி, மாரடைப்புக்கு முந்தைய எச்சரிக்கை மணி என்று இன்று எல்லா மருத்துவர்களும் அறிவர். 1961இல் சர்க்குலேஷன் ஆய்விதழிலும், 1964இல் அமெரிக்க இதயவியல் இதழிலும் இது குறித்து அவர் எழுதினார். இத்தகைய நோயாளிகளுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைத் தாமதமின்றிக் கொடுப்பது பயன் தருவதாக அவரது அனுபவம் காட்டியது. நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு உறைவுத் தடுப்பு ஊசி போடப்படும் இன்றைய வழக்கத்தின் தொடக்கச் சுவடுகளில் அவருடையதும் உண்டு. வேரைப் பற்றிய கட்டுரைக்குக் கிடைத்த வெளிச்சம் இதற்குக் கிடைக்காதது வருந்தத்தக்கது.

மருத்துவ மாணவர்களுக்கு அவர் வேறொரு வழியில் அறிமுகமானார். கோல்வாலாவுடன் இணைந்து அவர் எழுதிய உடல் பரிசோதனை குறித்த பாடநூல் தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிகளில் புரட்டப்பட்டது. இந்திய மருத்துவர்கள் சங்கம் 1969இல் வெளியிட்ட மருத்துவப் பாடநூலின் முதல் பதிப்பாசிரியரும் அவரே. இந்திய நோயாளிகளை முன்னிறுத்தி, இந்திய ஆசிரியர்களே எழுதிய பெருநூல் அது. புதிய பதிப்புகளாக இன்றும் தொடர்கிறது.

கடைசி ஆண்டு

1974 செப்டம்பரில் லான்செட் இதழில் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுகள் வெளியாகின. அமெரிக்கா, பிரிட்டன், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த அவை, ரிசர்பின் உட்கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதாகத் தெரிவித்தன. செய்தி உலகெங்கும் பரவியது. நோயாளிகள் அஞ்சினர், மருத்துவர்கள் மருந்தை மாற்றினர். இரண்டே மாதங்களில், 1974 நவம்பர் 20 அன்று, வக்கீல் தமது 63ஆவது வயதில் காலமானார்.

பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தக் குற்றச்சாட்டை உறுதிப்படுத்தவில்லை. முதல் ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிரிவினரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் கோளாறு இருந்ததும் தெரியவந்தது. அதற்குள் பீட்டா தடுப்பான்களும், அவற்றைத் தொடர்ந்து வேறு பல மருந்து வகைகளும் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவில் ரிசர்பின் கலந்த அடெல்ஃபேன் மாத்திரை மலிவு விலை காரணமாகப் பல ஆண்டுகள் வீடுகளில் புழங்கியது. இன்று அரசு மருத்துவமனைக்குச் செல்லும் உயர் ரத்த அழுத்த நோயாளிக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது அம்லோடிபின். ரிசர்பினைக் கேட்டால் மருந்துக்கடைக்காரரே வியப்பார். வேதிப்பொருள்களில் மற்றொன்றான அஜ்மலின் மட்டும், திடீர் இதய நிறுத்தத்துக்குக் காரணமாகும் ப்ருகாடா என்ற பரம்பரைக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் மருத்துவமனைக் கண்காணிப்பில் இன்றும் பயன்படுத்தப்படுகிறது.

செடியின் நிலை வேறு. 1950களில் உலகமெங்கும் எழுந்த தேவையால் காடுகளில் சர்ப்பகந்தா வேரோடு பிடுங்கப்பட்டது. மருந்து வேரில் இருப்பதால், அறுவடை என்றாலே செடியின் மரணம்தான். இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் விளையும் அதன் உறவுச் செடியை நாடின. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1990 முதல் சர்ப்பகந்தா இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து எடுத்த வேரை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பத் தடை உள்ளது. நாட்டு மருந்துக் கடைகளில் வேர்த்தூளாகக் கிடைக்கும் சரக்கில் ரிசர்பினின் அளவு ஒவ்வொரு செடிக்கும் மாறுபடும் என்பதால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக அதை யாரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.